புது டாரன்டுலா வீட்டுக்கு வந்தால்... முதல் வாரம் செய்ய வேண்டியதும் செய்யவே கூடாததும்!

நாய்க்குட்டி ஒன்று புதிதாக வீட்டுக்கு வந்தால் என்ன செய்வோம்? மடியில் தூக்கி வைத்துக்கொள்வோம். பெயர் வைத்துக் கூப்பிடுவோம். உடனே ஏதாவது சாப்பிடக் கொடுப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் அழைத்துக் காட்டுவோம். ராத்திரி அது அழுதால் எழுந்துபோய்த் தடவிக் கொடுப்போம்.

வந்திருப்பது நாய்க்குட்டி இல்லை, டாரன்டுலா சிலந்தி என்றால்? பெயர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் காது கிடையாது, கூப்பிட்டால் வராது. மற்ற நான்கில் ஒன்றைக்கூடச் செய்யக் கூடாது. நாம் பாசம் என்று நினைத்துச் செய்வது எல்லாமே அதற்கு ஆபத்தாகத்தான் தெரியும். சில சமயம் அந்தப் பாசமே அதன் உயிருக்கு உலை வைத்துவிடும்.

பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் டாரன்டுலா வளர்ப்பது பல ஆண்டுகளாக இருக்கும் பழக்கம். உள்ளங்கை அளவு சிலந்தியைக் கையில் வைத்துச் சிரிக்கும் ரீல்ஸ்களைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுப் பிள்ளையும் 'எனக்கு ஒண்ணு வேணும்' என்று கேட்டிருக்கலாம். அந்த வீடியோக்களில் காட்டாத விஷயம் ஒன்று உண்டு. புதிய கூண்டுக்கு வந்த டாரன்டுலா அங்கே எப்படிப் பழகுகிறது, அந்த நாள்களில் வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அது. நம் ஊரில் இதை வளர்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கட்டுரையின் கடைசியில் பார்ப்போம். அந்தப் பகுதியைப் படிக்காமல் யாரும் ஆர்டர் போட்டுவிட வேண்டாம்!

யார் இந்த ரெட் நீ?

டாரன்டுலாக்களில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதிகம் சொல்லப்படும் பெயர், மெக்சிகன் ரெட் நீ. கறுப்பு உடம்பு, கால் மூட்டுகளில் ஆரஞ்சு சிவப்புப் பட்டை. பார்த்தவுடன் அடையாளம் தெரியும். கால்களை விரித்தால் சுமார் 15 செ.மீ. வரை இருக்கும். மெக்சிகோவின் பசிபிக் கடலோரப் பகுதிகளில், வறண்ட புதர்க்காடுகளில் வாழ்கிறது. வெகுகாலம் 'பிராக்கிபெல்மா ஸ்மித்தி' என்ற அறிவியல் பெயரில் விற்கப்பட்டவற்றில் பல, 'பிராக்கிபெல்மா ஹமோரி' என்ற வேறு இனம் என்பதை 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று தெளிவுபடுத்தியது.

காட்டில் இதன் வாழ்க்கை ரொம்ப எளிமையானது. மண்ணில் ஒரு வளை. பகல் முழுக்க அதற்குள்ளேயே இருக்கும். இருட்டியதும் வளை வாசலில் வந்து உட்காரும். பூச்சி ஏதாவது அருகில் வந்தால் பாய்ந்து பிடிக்கும். பிறகு மறுபடியும் உள்ளே. பெண் சிலந்தி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இப்படி ஒரே வளையைச் சுற்றியே கழித்துவிடும்.

எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மிகவும் மங்கல். கால்களில் இருக்கும் மெல்லிய ரோமங்கள்தான் அதற்குக் காது, கண் எல்லாமே. தரையில் வரும் அதிர்வையும் காற்றின் அசைவையும் வைத்துத்தான் வருவது இரையா, எதிரியா என்று முடிவு செய்கிறது. நாம் கண்ணாடியில் விரலால் தட்டினால், அதற்கு அது பூகம்பம் மாதிரி.

ஆயுளையும் சொல்லிவிட வேண்டும். ஆண் சிலந்தி பருவத்துக்கு வந்தபின் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடும். பெண் சிலந்தியோ 25 ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது. எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் சிலந்தி வீட்டில் இருக்கும்.

முதலில் வீடு, பிறகுதான் சிலந்தி

சிலந்தியை வாங்கி வந்துவிட்டு, அதை டப்பாவிலேயே வைத்துக்கொண்டு கூண்டு தயார் செய்வது தவறான வரிசை. சில நாள்களுக்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

உயரம்தான் முதல் விஷயம். 'பெரிய தொட்டியாக இருந்தால் சந்தோஷமாக இருக்கும்' என்று நாம் நினைப்போம். ரெட் நீ தரையில் வாழும் சிலந்தி. ஆனால், புது இடத்தில் பயந்துபோனால் கண்ணாடிச் சுவரில் ஏறும். உடல் கனமானது, வயிற்றுப் பகுதியின் தோலோ மிக மெல்லியது. உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்து, உள்ளே இருக்கும் திரவம் வெளியேறி இறந்துவிடும். எனவே மண்ணின் மேல்மட்டத்திலிருந்து மூடி வரை உள்ள உயரம், சிலந்தியின் கால் விரிப்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. 12 செ.மீ. சிலந்திக்கு 18 செ.மீ. இடைவெளி போதும். தொட்டி உயரமாக இருந்தால் மண்ணை அதிகமாகக் கொட்டி உயரத்தைக் குறைக்கலாம்.

மண் என்றதும் கடையில் என்ன கேட்பது என்று யோசிக்க வேண்டாம். நம் மாடித்தோட்டத்துக்கு வாங்கும் அதே கோகோ பீட், அதாவது தென்னை நார்த்தூள், உலகம் முழுக்க டாரன்டுலா வளர்ப்பவர்களின் விருப்பம். உரமோ பூச்சிமருந்தோ கலக்காததாக இருக்க வேண்டும். அதைத் தனியாகவோ தோட்ட மண்ணோடு கலந்தோ குறைந்தது 10 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பி, கையால் நன்றாக அழுத்திவிட வேண்டும். பொலபொலவென்று இருந்தாலும் ஈரம் சொட்டினாலும் ரெட் நீக்குப் பிடிக்காது. கால் வைக்க அருவருத்துக்கொண்டு சுவரிலேயே தொங்கும்.

அடுத்து ஒளிந்துகொள்ள ஓர் இடம். வளைந்த மரப்பட்டைத் துண்டு ஒன்றைப் பாதி மண்ணில் புதைத்து, அதன் கீழே விரலால் ஒரு குழியைத் தொடங்கிவைத்தால் போதும். மிச்சத்தை அது தானே தோண்டிக்கொள்ளும்.

ஆழமில்லாத கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். 'மூழ்கிவிடுமோ' என்று பயந்து அதில் ஸ்பாஞ்ச் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது தேவையில்லை, அழுக்குதான் சேரும்.

மூடி இறுக்கமாகப் பூட்டும்படி இருக்கட்டும். கம்பி வலை மூடி வேண்டாம். கால் நுனியில் உள்ள நகம் வலையில் மாட்டிக்கொண்டால், இழுத்து விடுவித்துக்கொள்ளும் முயற்சியில் காலையே இழக்க நேரிடும். பக்கவாட்டில் சிறு துளைகள் இருந்தால் காற்றோட்டத்துக்குப் போதும்.

லைட் தேவையில்லை. அடியில் ஹீட்டர் பேட் வைப்பது ஆபத்து. காட்டில் சூடு அதிகமானால் டாரன்டுலா கீழே தோண்டிப் போய்த் தப்பிக்கும். அடியிலிருந்தே சூடு வந்தால், தப்பிக்கிறேன் என்று சூட்டை நோக்கியே போகும். நமக்கு வசதியாக இருக்கும் அறை வெப்பமே ரெட் நீக்குப் போதுமானது.

வீட்டில் அடிக்கும் கரப்பான், கொசு ஸ்பிரேக்கள் சிலந்தியையும் கொல்லும். நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையோடு கூண்டுக்குள் கை விடுவதும் அப்படித்தான். கூண்டை வைக்கும் அறையில் இவை எதுவும் இருக்கக் கூடாது. டி.வி. ஸ்பீக்கர், வாஷிங் மெஷின், கதவு படார் என்று சாத்தும் இடம் ஆகியவற்றின் அருகிலும் கூண்டு வேண்டாம்.

குடியேறும் நாள்

டாரன்டுலா பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில்தான் வரும். அதைத் திறந்து கூண்டுக்குள் கவிழ்த்துக் கொட்டுவதுதான் பலரும் அவசரத்தில் செய்வது. அதைவிடச் சுலபமான வழி உண்டு.

கூண்டை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். முடிந்தால் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள் வையுங்கள். சிலந்தி வெளியே ஓடினாலும் டப்புக்குள்தான் இருக்கும், உயரத்திலிருந்தும் விழாது. வீட்டில் உள்ள நாய், பூனை, சின்னப் பிள்ளைகள் அந்த அறையில் இருக்க வேண்டாம். வந்த டப்பாவைத் திறந்து, வாய் மரப்பட்டைக் குகையைப் பார்த்தபடி கூண்டுக்குள் படுக்க வையுங்கள். கூண்டை மூடிவிடுங்கள். வேலை முடிந்தது.

சில நிமிடங்களில் வெளியே வரலாம், மறுநாள் காலை வரைகூட வராமல் இருக்கலாம். அவசரமாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்றால், மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் பின்னங்காலை லேசாகத் தொட்டால் முன்னே நகரும். பக்கத்தில் ஒரு காலி டம்ளர் தயாராக இருக்கட்டும். திசை மாறி ஓடினால் அதன்மேல் கவிழ்த்துவிடலாம். விரலால் தள்ளுவதோ வாயால் ஊதுவதோ வேண்டாம். ஊதினால், பின்னாலிருந்து எதிரி வந்துவிட்டதாக நினைத்துத் தெறித்து ஓடும்.

முதல் வாரம்... கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இனிமேல்தான் வளர்ப்பவருக்குச் சோதனை. குறைந்தது ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை சாப்பாடு போடக் கூடாது, கூண்டை இடம் மாற்றக் கூடாது, மண்ணைக் கிளறக் கூடாது, வெளியே எடுக்கவே கூடாது. தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

'பசியோடு இருக்குமே' என்று மனசு அடித்துக்கொள்ளும். வளர்ந்த டாரன்டுலா வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கக்கூடியது. சிலியன் ரோஸ் என்ற இனம் இதற்குப் பேர்போனது. பயந்துபோன சிலந்திக்கு முன்னால் துள்ளும் பூச்சியை விட்டால், அதை உணவாகப் பார்க்காமல் இன்னொரு தொல்லையாகத்தான் பார்க்கும்.

ஒரு வாரம் கழித்து, மாலை இருட்டியபின் ஒரே ஒரு சுவர்க்கோழிப் பூச்சியைக் கூண்டுக்குள் விடலாம். அதன் அளவு சிலந்தியின் வயிற்றுப் பகுதியைவிடச் சிறியதாக இருக்கட்டும். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், அதில் பூச்சிமருந்து இருக்கலாம். 24 மணி நேரத்தில் சாப்பிடவில்லை என்றால் பூச்சியை எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி முயற்சி செய்யலாம்.

எது சாதாரணம், எது ஆபத்து?

புது டாரன்டுலா வளர்ப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்யும் சில காட்சிகளும் அவற்றின் அர்த்தமும் இதோ...

* ஒரே மூலையில் கால்களை உடம்போடு ஒட்டி, முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருக்கிறது: பயந்திருக்கிறது. தானாகச் சரியாகிவிடும்.

* சுவரில் ஏறிக்கொண்டே இருக்கிறது: இடம் புதிது. சில நாள்களுக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் மண் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

* வளைக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது: தோண்டிப் பார்க்காதீர்கள். அதுதான் நிம்மதியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். தோல் உரிக்கத் தயாராகிக்கொண்டும் இருக்கலாம்.

* முன்னங்கால்களைத் தூக்கி, பல்லைக் காட்டி நிற்கிறது: 'கிட்ட வராதே' என்கிறது. மூடியைச் சாத்திவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

* தரையில் மெல்லிய வலை விரித்திருக்கிறது: நல்ல செய்தி. இடத்தைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

* கால்கள் எல்லாம் உடலுக்குக் கீழே மடங்கி, வயிறு சுருங்கி, அசைவில்லாமல் இருக்கிறது: இதுதான் ஆபத்து. சிலந்தி தன் காலை நீட்டுவது உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். உடலில் நீர் வற்றினால் அந்த அழுத்தம் குறைந்து கால்கள் மடங்கிவிடும். உடனே தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில், வாய்ப்பகுதி தண்ணீரைத் தொடும்படி மெதுவாக வைக்க வேண்டும். பிழைக்க வாய்ப்பு உண்டு.

மல்லாந்து கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

ஒரு நாள் காலையில் பார்த்தால், சிலந்தி எட்டுக் கால்களையும் மேலே பார்த்தபடி மல்லாந்து கிடக்கும். 'செத்துப்போச்சு' என்றுதான் யாருக்கும் தோன்றும். டாரன்டுலா இறக்கும்போது பொதுவாகக் குப்புறத்தான், கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு கிடக்கும். மல்லாந்து கிடந்தால், பாம்பு சட்டை உரிப்பதைப்போலத் தோல் உரிக்கிறது என்று அர்த்தம்.

அதன் வாழ்க்கையிலேயே ஆபத்தான நேரம் இதுதான். பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவி எடுக்கப் பல மணி நேரம் ஆகலாம். அப்போது தொட்டாலோ திருப்பிப் போட்டாலோ கால் முறியலாம், உயிரும் போகலாம். கூண்டுக்குள் பூச்சி இருந்தால் கதை தலைகீழாகிவிடும். இரையாக வந்த பூச்சியே, அசைய முடியாமல் கிடக்கும் சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும். சாப்பிடாத பூச்சியை எடுத்துவிடச் சொல்வது இதனால்தான்.

தோல் உரித்த பிறகு பற்கள்கூட வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அவை கறுத்து இறுக வேண்டும். வளர்ந்த சிலந்திக்கு இதன் பிறகு சுமார் இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் போதும்.

கடியைவிட முடிக்குப் பயப்படுங்கள்

டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. ரெட் நீயின் பெரிய ஆயுதம் பல் அல்ல, முதுகுப்பக்கம் வயிற்றின்மேல் இருக்கும் நுண்ணிய ரோமங்கள். மிரண்டால் பின்னங்காலால் தேய்த்து அவற்றைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல அரிப்பும் தடிப்பும். கண்ணில் பட்டால் விஷயம் பெரிது.

2009-ம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், 29 வயது இளைஞர் ஒருவர் சிவந்து நீர் வடியும் கண்ணோடு மருத்துவமனைக்கு வந்தார். மூன்று வாரங்களாக அந்தத் தொல்லை. ஆன்டிபயாட்டிக் சொட்டுமருந்துக்கும் குணமாகவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது கருவிழிக்குள் மெல்லிய ரோமங்கள் குத்தி நின்றன. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. தன்னுடைய சிலியன் ரோஸ் டாரன்டுலாவின் கண்ணாடிக் கூண்டில் இருந்த கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த சிலந்தி ரோமங்களை அவர் முகத்தில் பறக்கவிட்டிருக்கிறது. மிகச் சிறியவை என்பதால் மருத்துவர்களால் அவற்றைப் பிடுங்கி எடுக்க முடியவில்லை. ஸ்டீராய்டு சொட்டுமருந்துதான் கொடுத்தார்கள். 'தி லான்செட்' மருத்துவ இதழில் இந்தச் சம்பவம் வெளியானது.

எனவே கூண்டைச் சுத்தம் செய்யும்போது கண்ணாடி அணிய வேண்டும், முகத்தைக் கூண்டுக்குள் நீட்டக் கூடாது, வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும், அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கூண்டைத் திறக்கவே கூடாது. புது இடத்தில் மிரண்டிருக்கும் சிலந்திதான் அதிகமாக ரோமத்தை உதறும். முதல் வாரம் அதைச் சும்மா விடுவதால் அதன் உயிருக்கு மட்டுமல்ல, நம் கண்ணுக்கும் பாதுகாப்பு.

நம்ம ஊரில் வளர்க்கலாமா?

2021 ஜூலையில் சென்னையில், போலந்து நாட்டிலிருந்து வந்த ஒரு தபால் பார்சலைச் சுங்க அதிகாரிகள் பிரித்தார்கள். தெர்மகோல் பெட்டிக்குள், வெள்ளிக் காகிதமும் பஞ்சும் சுற்றிய 107 சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. பார்சலில் இருந்தது அருப்புக்கோட்டை முகவரி. அவற்றில் ரெட் நீயின் பேரினமான பிராக்கிபெல்மா சிலந்திகளும் இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதினார்கள். இறக்குமதி உரிமமோ சுகாதாரச் சான்றோ எதுவும் இல்லை. பார்சலைப் போலந்துக்கே திருப்பி அனுப்ப முடிவானது.

செல்லப்பிராணி சந்தைக்காகக் காட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால்தான், 1985-லேயே மெக்சிகன் ரெட் நீ 'சைட்ஸ்' என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்ட பிறகு, சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். 2024-ல் வந்த விதிகளின்படி, 'பரிவேஷ்' இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று சோஷியல் மீடியாவில் ஆள் பிடித்து வாங்குவது சிக்கலில்தான் முடியும்.

'அப்படியென்றால் நம் காட்டில் இருப்பதையே பிடித்து வளர்க்கலாமே' என்றும் யோசிக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் வாழும் டாரன்டுலா இனம் ஒன்று 2004-ல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அங்குள்ள அனுமன் கோயிலின் பெயராலேயே அதற்கு 'பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா' என்று பெயர். மரப்பொந்திலும் பட்டை இடுக்கிலும் வாழும் அது, இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் அந்தப் பேரினம் முழுவதையும் 2019-ல் சைட்ஸ் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

சட்டப்படி வளர்க்க முடிந்த நாட்டில் இருப்பவர்கள்கூட, பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். இது கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததா, காட்டிலிருந்து பிடித்ததா? பதில் தெளிவாக இல்லை என்றால் அந்தச் சிலந்தி வேண்டாம். பதில் சரியாக இருந்தால், வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கேளுங்கள். தொடக் கூடாது, கொஞ்சக் கூடாது, பல நாள் கண்ணிலேயே படாது. அப்படிப்பட்ட ஓர் உயிருக்கு 25 வருடம் தண்ணீர் வைக்க நமக்குப் பொறுமை இருக்கிறதா? 'இருக்கிறது' என்றால், சிலந்தியை வாங்கும் முன் மண்ணை நிரப்பி, மரப்பட்டையைப் புதைத்துவிட்டுக் காத்திருங்கள்.